மணமேடை நாற்காலி யாருடையது?

பல்லாவரத்தில் ஆரம்பித்து குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர் என்று ஜி.எஸ்.டி. ரோடு ஓரமாக எத்தனை கல்யாண மண்டபங்கள்! அவற்றில் எதில் ரிசப்ஷனுக்குப் போனாலும் மேடையில் இருப்பது கிட்டத்தட்ட ஒரே நாற்காலிதான். உயரமான முதுகு. அதன் உச்சியில் கிரீடம் போல ஒரு பூவேலை. உள்ளே வளைந்து வெளியே சுருளும் கால்கள். சிவப்பு வெல்வெட் மெத்தை. மிச்சம் எல்லாம் தங்க நிறம். மாப்பிள்ளையும் பெண்ணும் அதில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். மறுநாள் அதே நாற்காலி மினி லாரியில் ஏறி அடுத்த மண்டபத்துக்குப் போய்விடுகிறது.

இதைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி இதை "மகாராஜா சேர்" என்று சொல்லி, ஏதோ நம்மூர் ராஜாக்கள் உட்கார்ந்த ஆசனத்தின் வாரிசாக நினைக்கிறது. இன்னொரு கட்சி படித்த கட்சி. "இது வெள்ளைக்காரன் வீட்டு நாற்காலியின் மட்டமான காப்பி, நமக்கென்று சொந்தமாக எதுவும் கிடையாதா?" என்று சலித்துக்கொள்கிறது.

இரண்டு பேருமே ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. அந்த "வெள்ளைக்காரன் நாற்காலி"யே ஊர் ஊராகக் கடன் வாங்கிச் செய்யப்பட்டதுதான். அதில் நம் சோழமண்டலக் கரையின் பங்கும் கொஞ்சம் இருக்கிறது. எனவே கடன் வாங்கியதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. வெட்கப்பட வேண்டிய விஷயம் வேறு ஒன்று. அதற்கு வருவதற்கு முன்னால் கொஞ்சம் சரித்திரம்.

இங்கிலாந்தில் மரத்தைச் செதுக்கி, அதன் மேல் தங்க ரேக்கு ஒட்டிச் செய்த மேஜை, நாற்காலி, கண்ணாடிச் சட்டம் போன்றவை இன்று பெரிய ஏலக் கூடங்களில் நல்ல விலைக்குப் போகின்றன. இந்த வேலைப்பாடு அங்கே பெருகியது 1660-ல் இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறிய பிறகு. அந்தக் காலத்துப் பணக்கார வீடுகளில் பெருமைக்குரிய பொருள் சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த கறுப்பு அரக்குப் பூச்சு அலமாரி. அதைத் தரையில் வைக்க மனம் வருமா? அதற்காக இங்கிலாந்துச் சிற்பிகள் குழந்தைகளும் இலைகளும் பூக்களுமாகச் செதுக்கி, தங்கமோ வெள்ளியோ பூசிய கால்மேடைகளைச் செய்தார்கள். அதாவது, கீழே ஐரோப்பா, மேலே ஆசியா!

இங்கேதான் நம் கரை வருகிறது. சீனாவில் அரக்கைக் குழியாகச் செதுக்கி வண்ணம் நிரப்பிச் செய்த பெரிய மடிப்புத் திரைகளுக்கு ஐரோப்பாவில் இன்றுவரை "கோரமண்டல் திரை" என்றுதான் பெயர். கோரமண்டல் என்பது சோழமண்டலம். அந்தத் திரைகள் இங்கே செய்யப்படவில்லை. சீனாவிலிருந்து வந்த சரக்கு சோழமண்டலக் கரைத் துறைமுகங்களில் கப்பல் மாறி ஐரோப்பாவுக்குப் போனதால், இடையில் இருந்த ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டது. செய்தவன் ஒருவன், பெயர் வேறொருவனுக்கு. இந்த மாதிரி குழப்பம் மரச்சாமான் உலகில் நிறைய.

இறக்குமதிச் சரக்கு போதாமல் போகவே இங்கிலாந்துக்காரர்கள் அதைப் போலவே உள்ளூரில் செய்யப் பார்த்தார்கள். 1688-ல் ஸ்டாக்கர், பார்க்கர் என்ற இருவர் அதற்கென்றே ஒரு செய்முறைப் புத்தகம் போட்டார்கள். சீன அரக்கு ஒரு மரத்தின் பால். அது ஐரோப்பாவில் கிடைக்காது. அதற்குப் பதிலாக அவர்கள் பயன்படுத்தியது பூச்சியிலிருந்து கிடைக்கும் அரக்கு. அது போனது இந்தியாவிலிருந்து. சீனப் பொருளின் இங்கிலாந்து நகலுக்கு இந்தியச் சரக்கு!

அடுத்த கடன் பிரான்ஸிடமிருந்து. 1685-ல் பதினான்காம் லூயி, பிரெஞ்சு புரொட்டஸ்டண்டுகளுக்கு இருந்த பாதுகாப்பை ரத்து செய்தான். ஆயிரக்கணக்கான கைவினைஞர்கள் நாட்டை விட்டு ஓடினார்கள். டேனியல் மாரோ என்ற வடிவமைப்பாளர் ஹாலந்து வழியாக இங்கிலாந்து அரசரிடம் வேலைக்குச் சேர்ந்தார். ஜான் பெல்லட்டியே என்பவரின் குடும்பம் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்குத் தங்கப் பூச்சு மேஜைகளும் விளக்குத் தாங்கிகளும் செய்து கொடுத்தது. இன்று "ஆங்கிலேயப் பாணி" என்று விற்பனையாகும் அந்தப் பொருள்கள் உண்மையில் அகதிகளின் கைவேலை.

பிறகு இத்தாலி. வில்லியம் கென்ட் 1709 முதல் 1719 வரை இத்தாலியில் ஓவியம் படித்தவர். திரும்பி வந்து, கனமான, கோயில் தூண் மாதிரியான தங்க மேஜைகளை வரைந்தார். கழுகு, சிங்க முகம், கிளிஞ்சல் என்று எல்லாம் ரோமாபுரி அரண்மனைகளில் பார்த்தவை. இங்கிலாந்தின் முதல் பிரதமர் என்று சொல்லப்படும் ராபர்ட் வால்போலின் ஹூட்டன் மாளிகைக்கு உள் அலங்காரம் செய்தவர் இவர்தான். (இந்த வால்போலின் மகனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருவார்.)

1754-ல் தாமஸ் சிப்பன்டேல் என்ற தச்சர் ஒரு மாதிரிப் புத்தகம் வெளியிட்டார். எப்படியெல்லாம் நாற்காலி, மேஜை, கண்ணாடிச் சட்டம் செய்யலாம் என்று படம் படமாக. அதன் முகப்பிலேயே மூன்று ரசனைகளைக் குறிப்பிட்டிருந்தார்: கோதிக், சீனம், நவீனம். இந்த "நவீனம்" என்பது அப்போது பாரீஸில் ஓடிக்கொண்டிருந்த ரொக்கோகோ பாணி. சுருளும் இலை, கிளிஞ்சல், ஒருபக்கமாகச் சாயும் வளைவு... நம் மணமேடை நாற்காலியின் கொள்ளுத் தாத்தா இங்கேதான் இருக்கிறார்.

அதற்குள் பாம்பேயி, ஹெர்குலேனியம் என்ற புதையுண்ட ரோம நகரங்களைத் தோண்ட ஆரம்பித்திருந்தார்கள். ராபர்ட் ஆடம் என்ற கட்டடக்கலைஞர் இத்தாலிக்குப் போய் வந்து, சுருளையெல்லாம் விட்டுவிட்டு நேர்க்கோடு, பூச்சரம், ஜாடி என்று மாற்றினார். 1798-ல் நெப்போலியன் எகிப்துக்குப் படையெடுத்தான். கொஞ்ச வருடங்களில் லண்டன் நாற்காலிக் கைகளில் ஸ்பிங்க்ஸ் உட்கார்ந்துகொண்டது. 1815-க்குப் பிறகு ஜான் நாஷ் மாற்றியமைத்த பிரைட்டன் அரண்மனை உச்சம். வெளியே முகலாயக் குவிமாடம், உள்ளே தங்கத்தில் சீன டிராகன். ராஜா மட்டும் இங்கிலீஷ்காரர்!

இப்படி நூற்றைம்பது வருடம். ஒவ்வொரு தலைமுறையும் வேறு வேறு ஊரிடம் கை நீட்டியது. யாரும் அதை "காப்பி" என்று திட்டவில்லை. ஏன் என்பதுதான் முக்கியமான கேள்வி.

அதற்கு முன் அந்த மகன் கதை. ஹோரஸ் வால்போல், ராபர்ட் வால்போலின் கடைசிப் பிள்ளை. பழங்காலப் பித்தர். லண்டன் பக்கத்தில் ஸ்ட்ராபெரி ஹில் என்ற வீட்டைப் பழைய கோதிக் கோட்டை மாதிரி கட்டிக்கொண்டார். அதற்கேற்ற பழைய ஆங்கிலேய மரச்சாமான்கள் வேண்டும் என்று தேடினார். கருங்காலி மரத்தில், முறுக்குத் தூண்களும் நெருக்கமான பூச்செதுக்கலுமாக இருந்த நாற்காலிகள் அவர் கண்ணில் பட்டன. அவை எட்டாம் ஹென்றி காலத்து, அதாவது டியூடர் காலத்து நாற்காலிகள் என்று முடிவு கட்டினார். 1763-ல் ஒரு ஏலத்தில் அப்படிப்பட்ட ஒரு தொகுதியை வாங்கியும் விட்டார். அவரைப் பார்த்து மற்ற பிரபுக்களும் கருங்காலி நாற்காலி தேட ஆரம்பித்தார்கள். பழைய ஆங்கிலேய வீடு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று ஒரு நம்பிக்கையே உருவானது.

அந்த நாற்காலிகள் எங்கே செய்யப்பட்டவை? பதினேழாம் நூற்றாண்டில், இதே சோழமண்டலக் கரையில்! இங்கிருந்த ஐரோப்பிய வணிகர்களுக்காக இந்தத் தச்சர்கள் செய்து கொடுத்தவை. எட்டாம் ஹென்றி செத்து நூறு வருடத்துக்கும் மேல் ஆன பிறகு. லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துக்காக அமீன் ஜாஃபர் 2001-ல் எழுதிய, பிரிட்டிஷ் இந்தியா மற்றும் இலங்கை மரச்சாமான்கள் பற்றிய புத்தகத்தில் இந்த விவரங்களைப் பார்க்கலாம். இங்கிலாந்தின் பழம்பெருமைக்குச் சாட்சியாக வைத்த நாற்காலி, நம் கரையோரத்து ஆசாரியின் உளி வேலை. அந்த ஆசாரியின் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை.

சரி, இப்போது கேள்விக்கு வருவோம். இவ்வளவு கடன் வாங்கியும் அந்தப் பழைய தங்க நாற்காலிகளுக்கு ஏன் மதிப்பு? அவை செய்யப்பட்ட விதத்தைப் பார்த்தால் புரியும்.

முதலில் சிற்பி மரத்தைச் செதுக்குவார். அதன் மேல் சுண்ணாம்புத் தூளைத் தோல் பசையில் குழைத்துப் பல பூச்சு பூசுவார்கள். பூசப் பூசச் செதுக்கலின் கூர்மை மழுங்கும். ஆகவே காய்ந்த பூச்சின் மேலேயே மறுபடி நுணுக்கமாகச் செதுக்க வேண்டும். பிறகு சிவப்புக் களிமண் பூச்சு. அதை நனைத்து, ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கனமுள்ள தங்க ரேக்கை மேலே விட வேண்டும். மூச்சு விட்டால் பறந்துவிடும். காய்ந்ததும் வழவழப்பான அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். சில இடத்தை மெருகேற்றாமல் மங்கலாக விடுவார்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு பக்கம் மின்னும், ஒரு பக்கம் அடங்கியிருக்கும். படம் பிரெஞ்சுக்காரனுடையதாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு இலையின் மடிப்பையும் தீர்மானித்தது செய்தவனின் கை.

இந்தச் செய்முறையைப் படிக்கும்போது தஞ்சாவூர்க்காரர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். "இது நம்ம பலகைப் படம் மாதிரி இருக்கே?" ஆமாம், அப்படியேதான். மரப் பலகை, அதன் மேல் ஒட்டிய துணி, அதன் மேல் பசையில் குழைத்த சுண்ணாம்புப் பூச்சு, மேடு வர வேண்டிய இடத்தில் மக்கு, அதன் மேல் தங்க ரேக்கு. இங்கிலாந்தில் தோல் பசை என்றால் இங்கே பிசின். இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. மரத்தின் மேல் தங்கத்தை நிற்க வைக்க நல்ல வழி எதுவோ அதை இருவரும் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

தஞ்சாவூர் ஓவியமும் கடன் வாங்கத் தயங்கியதில்லை. மராட்டிய மன்னர்கள் காலத்தில், குறிப்பாக இரண்டாம் சரபோஜி (1798 - 1832) நாள்களில் அது செழித்தது. சிறகுள்ள தேவதைகளும், ஐரோப்பிய மாளிகைத் திரைச்சீலைகளும் கிருஷ்ணனின் தலைக்கு மேல் வந்து உட்கார்ந்துகொண்டன. யாரும் குறை சொன்னதில்லை. ஏனென்றால் அந்தத் தேவதைகள் தஞ்சாவூர்க் கை வழியாக வந்து தஞ்சாவூர் முகத்தோடு நிற்கிறார்கள்.

இப்போது மணமேடை நாற்காலியைப் பாருங்கள். பெரும்பாலும் அச்சில் வார்த்த பைபர், அல்லது மலிவு மரத்தின் மேல் ஒட்டிய அச்சு வேலை. மேலே தங்க நிற ஸ்ப்ரே. உண்மைத் தங்கம் நிறம் மாறாது. ஆனால் தங்க நிறப் பெயிண்டில் இருப்பது பெரும்பாலும் பித்தளை, செம்புத் தூள். நம்மூர் உப்புக் காற்றில் அது பழுப்பாகும், கறுக்கும். அதன் மேல் இன்னொரு ஸ்ப்ரே. நாலு முகூர்த்தம் போனால் இலைக்கும் பூவுக்கும் வித்தியாசம் தெரியாது. அச்சு ஒன்றே என்பதால் பல்லாவரத்து இலையும் தாம்பரத்து இலையும் ஒரே இலை. தச்சன் மடித்த இலை ஒன்றுகூட இல்லை. வெட்கப்பட வேண்டியது இதற்குத்தான்.

"அச்சு வேலையை ஆரம்பித்ததே வெள்ளைக்காரன்தானே?" என்று கேட்டால், உண்மைதான். ஆடம் காலத்திலேயே சுண்ணாம்புத் தூள், பசை, பிசின் கலந்த மாவை அச்சில் அழுத்திப் பூவேலை எடுத்து மரத்தில் ஒட்ட ஆரம்பித்துவிட்டார்கள். விலை குறைந்தது. கூடவே சிற்பிகளுக்கு வேலையும் குறைந்தது. அங்கே நடந்ததுதான் இங்கேயும் நடக்கிறது என்றால், அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் "பரவாயில்லை" என்பதல்ல. அவர்கள் இன்று மியூசியத்தில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக் காப்பாற்றுவது எதை என்று பார்க்க வேண்டும். கை வேலையைத்தான்.

"அதெல்லாம் பணக்காரன் பேச்சு. இரண்டு மணி நேர ரிசப்ஷனுக்கு யார் உண்மைத் தங்க ரேக்கு ஒட்டுவார்கள்?" இது நியாயமான கேள்வி. ஒரு குடும்பம் வாங்க முடியாதுதான். ஆனால் இந்த நாற்காலியை எந்தக் குடும்பமும் வாங்குவதில்லையே! மண்டபமோ டெக்கரேஷன்காரரோ வாங்கி, வருடம் முழுக்க வாடகைக்கு விடுகிறார்கள். மேடைப் பூ அலங்காரத்துக்கு ஆகும் செலவு மறுநாள் குப்பைக்குப் போகிறது. நல்ல நாற்காலி ஒரு தலைமுறைக்கு நிற்கும். முழுக்கத் தங்கம் வேண்டும் என்றும் இல்லை. முதுகின் உச்சியில் ஒரு கைப்பிடி இடத்துக்கு உண்மை ரேக்கு, மிச்சம் மெருகேற்றிய மரம் என்று இருந்தாலே போதும்.

செய்ய ஆள் இருக்கிறார்களா என்றால், இருக்கிறார்கள். தஞ்சாவூர் ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்து வருடங்கள் பல ஆகின்றன. பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூர் மரச் சிற்பத்துக்கு 2020-ல் கிடைத்தது. கோயில் தேரும் வாகனமும் செய்கிற கைகள் அவை. யாளியும் அன்னமும் குதிரையும் செதுக்குகிறவர்களுக்கு ஒரு நாற்காலிக் கால் பெரிய விஷயமா? குறியீடு கொடுத்துப் பாராட்டுகிறோம், வேலை மட்டும் கொடுப்பதில்லை. அந்தக் கால் ரொக்கோகோ வளைவாகவே இருக்கட்டும், தப்பில்லை. உச்சியில் கிளிஞ்சலுக்குப் பதில் ஒரு அன்னமோ மாங்கொத்தோ வந்து உட்கார்ந்தால் அதுதான் சரியான கடன். சிப்பன்டேல் செய்ததும் அதைத்தான்.

இன்னொரு விஷயம், பல்லாவரம் சந்தை. வெள்ளிக்கிழமைதோறும் பழைய டிரங்க் ரோட்டில் கூடும் அந்தச் சந்தையில் செடி முதல் செல்போன் வரை கிடைக்கும். கூடவே பழைய கட்டில், அலமாரி, கண்ணாடிச் சட்டம், சாமி படச் சட்டம். வாங்குகிறவர்கள் பொதுவாக இரண்டு தப்பு செய்கிறார்கள். "இங்கிலீஷ் சாமான்" என்று சொன்னால் கூட விலை கொடுக்கிறார்கள், "மெட்ராஸில் செய்தது" என்றால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். வால்போல் செய்த அதே தப்பு, 250 வருடத்துக்கு அப்புறமும்! இரண்டாவது தப்பு இன்னும் மோசம். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலையாகப் பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுப் பளபளவென்று புதுத் தங்கப் பெயிண்ட் அடிப்பது.

அப்படிச் செய்வதற்கு முன் ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம். மேட்டு விளிம்புகளில் தேய்ந்த இடத்தில் சிவப்பாகக் களிமண் நிறம் தெரிகிறதா? சதுரம் சதுரமாக ரேக்குகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிய மெல்லிய கோடு இருக்கிறதா? உடைந்த இடத்தில் மரத்துக்கும் தங்கத்துக்கும் நடுவே வெள்ளைச் சுண்ணாம்புப் படலம் தெரிகிறதா? இவையெல்லாம் இருந்தால் அது ரேக்கு வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதைத் தண்ணீர் போட்டுத் துடைத்தால்கூடப் போய்விடும், ஏனென்றால் அந்தப் பசை தண்ணீரில் கரைவது. காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் தூசு தட்டினால் போதும். ஈரச் சுவரை ஒட்டி வைக்கக் கூடாது. அந்தப் பழுப்பும் தேய்மானமும்தான் அதன் வயசு. அதைச் சுரண்டினால் மிச்சம் வெறும் பலகை.

யோசித்துப் பார்த்தால், இந்தப் புறநகரே கடன் வாங்கிய பெயர்களோடு நிம்மதியாக வாழ்கிற இடம்தான். குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது குரோம் லெதர் கம்பெனி என்ற தோல் தொழிற்சாலையால். அதோடு "பேட்டை"யைச் சேர்த்து நம்முடையதாக்கிக்கொண்டது ஊர். இப்போது யாருக்கும் அது அந்நியப் பெயராகத் தோன்றுவதில்லை. வாய் செய்த அந்த வேலையைக் கையும் செய்யலாம்.

புது மண்டபங்கள் கட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஏ.சி., லிப்ட், எல்.இ.டி. திரை என்று போட்டி போடுகிறார்கள். அவர்களில் ஒரே ஒருவர் அரும்பாவூருக்கு ஒரு தடவையும் தஞ்சாவூருக்கு ஒரு தடவையும் போய் வந்து, ஒரு ஜோடி நாற்காலிக்கு ஆர்டர் கொடுக்கட்டும். செய்தவரின் பெயரை முதுகுப் பக்கத்தில் சின்னதாகப் பொறிக்கச் சொல்லட்டும். முன்னூறு வருடத்துக்கு முன்னால் இந்தக் கரையில் கருங்காலியைச் செதுக்கியவருக்குக் கிடைக்காத மரியாதை அது.